நாலாவது வருஷ வாணவேடிக்கை

வாணவேடிக்கை பார்க்கப் போறவங்க வேற, படம் பிடிக்கப் போறவங்க வேற. பார்க்கப் போறவங்க பதினொன்றரைக்கு வந்து, ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கிட்டே அண்ணாந்து பார்த்து, ஒரு சத்தம் போட்டுட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க. நான் சாயங்காலம் அஞ்சு மணிக்கே போய் இடம் பிடிச்சு உட்கார்ந்தவ. ஏழு மணி நேரம், ஒரே இடத்துல. பைத்தியம்னு சொல்லுங்க, பரவாயில்ல. என் வீட்டுக்காரர் அதைவிட மோசமாவே சொல்லியிருக்கார்.

நான் மலாக்காவுல, பத்து பெரண்டாம்ங்கிற இடத்துல ஒரு எலெக்ட்ரானிக் ஃபேக்டரியில வேலை செய்யுறேன். அவர் ஃபேக்டரி பஸ் ஓட்டுறார். விடியறதுக்கு முன்னாடி மெர்லிமாவ் பக்கம் போய் ஆளுங்களை ஏத்திட்டு வரணும், ஷிஃப்ட் முடிஞ்சதும் ராத்திரி திரும்பக் கொண்டுபோய் விடணும். எங்க மகன் ஜோகூருக்கு வேலைக்குப் போன வருஷம் வீடு வெறிச்சுன்னு ஆயிடுச்சு. அந்த வருஷம்தான் ஓவர்டைம் செஞ்சு ஒரு கேமரா வாங்கினேன். தாலியில இருந்து தட்டுமுட்டுச் சாமான் வரைக்கும் என் வாழ்க்கையில எல்லாமே யாரோ எனக்குன்னு வாங்கிக் கொடுத்தது, இல்லாட்டி நான் யாருக்காகவோ வாங்கினது. எனக்கே எனக்குன்னு நான் வாங்கின முதல் பொருள் அந்தக் கேமராதான்.

அந்த வருஷக் கடைசி ராத்திரி பண்டா ஹிலிர் கடலோரத்துல புது வருஷ வாணவேடிக்கைன்னாங்க, கேமராவைக் கழுத்துல மாட்டிக்கிட்டுப் போனேன். கையில பிடிச்சே அமுக்கு அமுக்குன்னு அமுக்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தா எல்லாம் வெள்ளை வெள்ளையாத் திட்டு. அப்பளம் பொரிச்சு வச்ச மாதிரி இருந்துச்சு. கண்ணால பார்த்தது பச்சை, ஊதா, தங்கம். கைக்கு வந்தது அப்பளம். எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல.

ரெண்டாவது வருஷம் மூணு கால் ஸ்டாண்டு வாங்கிட்டுப் போய் ஆத்துப் பாலத்து மேல வச்சேன். பாலம் நடக்கிற கூட்டத்துக்கு ஆடும்னு எந்தப் புண்ணியவான் எனக்குச் சொன்னான்? ஒவ்வொரு கோடும் நெளிஞ்சு நெளிஞ்சு இடியாப்பமா வந்துச்சு. மூணாவது வருஷம் தரையில வச்சேன், ஆடலை. ஆனா காத்து எங்க பக்கம் அடிச்சுது. முதல் ரெண்டு வெடிக்கு அப்புறம் புகை மட்டும்தான்.

போன தீபாவளிக்குப் பாயா ரும்புட்ல எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தோம். அண்ணன் மக காலேஜ்ல படப்பிடிப்பு சம்பந்தமா ஏதோ படிக்குது. முறுக்கைக் கடிச்சுக்கிட்டே, "அத்தை, உங்க கேமரா சும்மாதானே கிடக்கு, எனக்குக் குடுங்களேன்லா"ன்னு கேட்டுச்சு. சின்னப் புள்ள, கேட்டதுல தப்பில்ல. ஆனா என் வீட்டுக்காரர் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கலை. "கொடுத்துடு, வருஷா வருஷம் புகையைப் படம் பிடிச்சு நீ என்ன பண்ணப் போற"ன்னார். சபையே சிரிச்சுது. எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு.

"இந்த வருஷம் ஒரு படம், ஒரே ஒரு படம் ஒழுங்கா வரலைன்னா, இந்தக் கேமராவைப் பையோட உனக்குத் தர்றேன். உங்க மாமாவே கொண்டாந்து கொடுப்பாரு. இது சத்தியம்"னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். சொன்ன மறு நிமிஷமே, ஏன்டா சொன்னோம்னு இருந்துச்சு. ஆனா சொன்னது சொன்னதுதானே. வாக்கு மாறுற பழக்கம் எனக்கு இல்ல.

டிசம்பர்ல மூணு சனிக்கிழமை அந்தக் கடலோரத்துக்குப் போனேன். எங்க நின்னா காத்து நம்ம முதுகுக்கு வரும், புகையைக் கடல் பக்கம் தள்ளும்னு பார்க்கணும். அதுக்கு ஊதுபத்தியைத்தான் எடுத்துட்டுப் போனேன். கொளுத்திப் பிடிச்சா புகை எந்தப் பக்கம் போகுதுன்னு தெரிஞ்சிடும் இல்லையா? மூணாவது வாரம் கார் பார்க்கிங்ல செக்யூரிட்டி பாக்சிக், வயசான மலாய்க்காரர் ஒருத்தர் வந்து, ராத்திரி நேரத்துல இங்க என்ன பூஜைன்னு மலாய்ல கேட்டார். சூனியம் வைக்க வந்தவள்னு நினைச்சிருப்பார் போல. காத்தைப் பார்க்குறேன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துட்டு, கொஞ்சம் தள்ளியே நின்னுக்கிட்டார்.

இடம் கிடைச்சுது. ஒரு வேப்ப மரம், அதுக்குப் பக்கத்துல கெட்டியான சிமெண்டுத் தரை. கூர்மையா விழுற தூரத்தைப் பகல்லேயே பார்த்து, லென்ஸ் வளையம் நகராம டேப் போட்டு ஒட்டினேன். மகனோட பழைய பள்ளிக்கூடச் சப்பாத்துப் பெட்டியோட அட்டையை வெட்டிக் கறுப்புச் சாயம் அடிச்சேன். அது எதுக்குன்னா, கேமராவோட ஷட்டர் கதவைத் திறந்தே வச்சுக்கிட்டு, வெடிக்கிறப்ப மட்டும் அட்டையை எடுக்கணும், வெடி அணைஞ்சதும் திரும்ப லென்ஸை மறைக்கணும். அப்பத்தான் ஒரே படத்துல மூணு நாலு வெடி சேரும், வெள்ளையாப் பொங்காது. வீட்டுக்குள்ள விளக்கை அணைச்சுட்டு, அவரை டார்ச் லைட்டை ஆட்டச் சொல்லி ராத்திரி ராத்திரி பழகினேன். முணுமுணுத்துக்கிட்டேதான் ஆட்டினார், ஆனா ஒரு நாள்கூட முடியாதுன்னு சொல்லலை.

வருஷக் கடைசி நாள் அன்னைக்கு மோட்டார் சைக்கிள்ல போனோம். காரை எடுத்தா பத்து மணி வரைக்கும் ஜாம்ல கிடக்க வேண்டியதுதான். ஸ்டாண்டை மடியில குறுக்கா வச்சுக்கிட்டு நான் பின்னாடி. இடத்துக்குப் போய் பாயை விரிச்சு, பொட்டலம் நாசி லெமாக் சோத்தைப் பிரிச்சு வச்சோம். ஏழு மணிக்குக் கூட்டம் சேர ஆரம்பிச்சுது. கோலாலம்பூர்ல இருந்து வந்த குடும்பங்க, சிங்கப்பூர்ல இருந்து வந்தவங்க, ஃபேக்டரியில வேலை செய்யுற வங்காளதேசத்துப் பசங்க, பலூனுக்குள்ள விளக்கு வச்சு விக்கிறவங்க. பாட்டை அலற விட்டுக்கிட்டு, உடம்பெல்லாம் விளக்கு மாட்டின திரிஷாங்கிற சைக்கிள் ரிக்‌ஷாக்கள். பக்கத்துல உட்கார்ந்த மலாய்க்கார மக்சிக், வயசான அம்மா, ஒரு பை நிறைய கெரோப்போக் அப்பளத்தை எங்க பக்கம் நகர்த்தி வச்சாங்க. ஒருத்தர் என்னடான்னா தன்னோட பிளாஸ்டிக் பையை என் ஸ்டாண்டு மேல மாட்டிட்டுச் செல்ஃபி எடுக்கப் போயிட்டார். ஏன் கேக்குறீங்க. அவர் திரும்பி வந்தப்ப நான் பேசின பேச்சுல அந்தாள் ஜென்மத்துக்கும் ஸ்டாண்டு பக்கம் போகமாட்டார்.

பதினோரு மணிக்கு மேல நெருக்கித் தள்ளுறாங்க. என் வீட்டுக்காரர் ஸ்டாண்டுக்குப் பின்னாடி நின்னு ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டார். "பாங், கா, சிகிட் சிகிட்"னு மலாய்ல தள்ளி நிக்கச் சொல்லிக் கெஞ்சுறார், சீனத்து ஆன்ட்டியைப் பார்த்துச் சிரிக்கிறார், தமிழ் ஆளுங்களைப் பார்த்து "அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்கண்ணே, என் சம்சாரத்துக்கு இது பரீட்சை மாதிரி"ன்னு சொல்றார். எனக்குச் சிரிப்பு வந்துச்சு, ஆனா காட்டிக்கலை. லென்ஸ் மூடியைக் கடைசி வரைக்கும் நான் கழட்டலை. கடல் ஈரம் படியும், சின்னப் பிள்ளைங்க விரலை வைக்கும். பத்து, ஒன்பதுன்னு கூட்டம் எண்ண ஆரம்பிச்சப்பத்தான் இருட்டுல மூடியைக் கழட்டி ஜோப்புல போட்டேன்.

முதல் வெடி. அட்டையை எடுத்தேன், மூடினேன். ரெண்டாவது, எடுத்தேன், மூடினேன். கை தன்னால போகுது. காத்து முதுகுக்குத்தான் அடிக்குது, புகை கடலைப் பார்த்து ஓடுது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுது. இடையில திரையைப் பார்த்தா நேரம் போகும்னு பார்க்கவே இல்ல. அஞ்சு படம் ஆனதும் மனசு கேக்காம ஒரு தடவை பார்த்தேன்.

அஞ்சு படத்துலயும் நடுவுல ஒரே மங்கல். செம்மண் தண்ணியைத் தெளிச்ச மாதிரி ஒரு கறை, அதைச் சுத்தி எல்லாம் கலங்கிக் கிடக்கு. லென்ஸைத் தொட்டேன். விரல்ல ஏதோ ஒட்டுச்சு. மூக்குக்கிட்ட கொண்டுபோனா சந்தன வாசம்.

"ஏங்க, கேமராவை யாரு தொட்டது?"

"நான்தான். நீ குளிக்கப் போனப்ப பொட்டு வச்சேன்."

"எங்க வச்சீங்க?"

"முன்னாடி. கண்ணாடியில."

அவர் வெள்ளிக்கிழமை தவறாம பஸ்ஸுக்குப் பொட்டு வைப்பார். நம்பர் பிளேட்டுல ஒண்ணு, ஸ்டியரிங்ல ஒண்ணு, முன் விளக்கு ரெண்டுலயும் ஒவ்வொண்ணு. விளக்குதான் பஸ்ஸுக்குக் கண்ணுன்னு அவர் கணக்கு. தூரப் பயணம்னா சந்தனத்தைக் கெட்டியாக் குழைச்சு, மேல குங்குமமும் வைப்பார். கேமராவுக்கும் அதே மரியாதை செஞ்சுட்டு, மூடியைப் பத்திரமா மூடி வச்சிருக்கார்.

என் சால்வையில ஒரு முனையைத் தண்ணியில நனைச்சு, துடைச்சு, ஊதி, மறுபடியும் துடைச்சேன். மங்கல் போயிடுச்சு. அதுக்குள்ள மேல வெடி நின்னிருந்துச்சு. கூட்டத்துல பாதிப் பேர், முடிஞ்சு போச்சுன்னு நினைச்சு, ஜாமுக்கு முன்னாடி கிளம்பணும்னு எழுந்திருச்சாங்க. ஆனா அது முடிவு இல்ல. வருஷா வருஷம் கடைசி அடிக்கு முன்னாடி ஒரு இடைவெளி விடுவாங்க. எல்லாத்தையும் ஒண்ணாக் கொளுத்துறது அதுக்கு அப்புறம்தான். மூணு வருஷம் நின்னு பார்த்தவளுக்கு இது தெரியாதா? நல்லாவே தெரியும். லென்ஸ் சுத்தமா இருக்கு, காத்து சரியா இருக்கு, அட்டை கையில இருக்கு. வாயை மூடிக்கிட்டு நின்னிருந்தா போதும்.

நான் திரும்பி அவரைப் பிடிச்சுக்கிட்டேன். "அறிவு இருக்கா உங்களுக்கு? இது என்ன பஸ்ஸா? ரெண்டு மாசமா உயிரைக் கொடுத்து நிக்கிறேன், எல்லாத்தையும் ஒரே பொட்டுல குட்டிச்சுவராக்கிட்டீங்களே! கேமரா போகணும்னுதானே உங்களுக்கு ஆசை? தீபாவளிக்கே சிரிச்சவர்தானே நீங்க?" இன்னும் என்னென்னவோ. எழுத முடியாது. முன்னாடி இருந்த தமிழ்க் குடும்பம் திரும்பித் திரும்பிப் பார்க்குது. ஒரு பொண்ணு, "அக்கா, சண்டையை அப்புறம் வச்சுக்குங்கக்கா, மேல பாருங்க"ன்னுச்சு. "நீ சும்மா இரும்மா"ன்னு அவளுக்கும் ஒண்ணு கொடுத்தேன்.

 கிளம்புற கூட்டம் அவர் முதுகுல மோதுது, தோள்ல இடிக்குது. விரிச்ச கையை மட்டும் மடக்காம நின்னார். என் ஸ்டாண்டு மேல யாரும் விழக்கூடாதுன்னு.

அப்பத்தான் வானமே வெடிச்சுது. அவர் முகம் முழுக்கப் பொன்னா ஆனதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிஞ்சுது. பாய்ஞ்சு திரும்பினேன், அட்டை கையில இருந்து நழுவிக் கீழ விழுந்துச்சு, அதைத் தேடி எடுத்து நிமிர்ந்தேன், அமுக்கினேன். விழுந்துச்சு படம். சுத்தமான, கூர்மையான, ஒரு கறையும் இல்லாத புகை.

பொட்டு மேல பழி போட எனக்கு ஆசையாத்தான் இருந்துச்சு. ஆனா பொட்டு போயிடுச்சே. கடைசி வெடியைத் தின்னது என் வாய். இதை அங்கேயே, அந்த இடத்துலயே எனக்கு நானே சொல்லிக்கிட்டேன், வேற வழியில்லாம.

மோட்டார் சைக்கிள் நிறுத்தின இடம் வரைக்கும் கூட்டத்தோட கூட்டமா நடந்தோம்.   வாக்குன்னா வாக்கு. கேமராவைப் பைக்குள்ள வச்சு ஜிப்பை இழுத்து அவர்கிட்ட நீட்டினேன்.

"படம் வரலை. நாளைக்கு அண்ணன் வீட்டுல கொடுத்துடுங்க."

அவர் பையை வாங்கலை. ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு நிதானமா வாரைப் பூட்டினார். "அது ஒண்ணும் வேணாம். தீபாவளி அன்னைக்கே அந்தப் புள்ளையைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லிட்டேன். அத்தை கேமரா வராது, நீ வேற பார்த்துக்கோன்னு."

"படம் வரலைன்னாலுமா?"

"வந்தாலும் வராட்டியும்."

"அப்புறம் ஏன் என்கிட்ட சொல்லலை?"

"சொன்னா விடுவியா? என் மேல நம்பிக்கை இல்லையான்னு அதுக்கும் ஒரு சண்டை போடுவ."

போட்டிருப்பேன்தான். பையை நீட்டின கை அப்படியே நிக்குது. இவ்வளவு நேரம் ஊரறியத் திட்டினவளுக்கு, மன்னிச்சிடுங்கன்னு ஒரு வார்த்தை வாயில வரமாட்டேங்குது. வெட்கமா இருந்துச்சு. அவர் மேல அப்படி ஒரு பாசம் பொங்குச்சு, அதைச் சொல்லவும் எனக்குப் பழக்கமில்ல. பையைத் தோள்ல மாட்டிக்கிட்டுப் பின்னாடி ஏறி உட்கார்ந்தேன். ரோடு முழுக்கச் சிவப்பு விளக்கு, ஒண்ணும் நகரலை.

அவர் முதுகைப் பார்த்துச் சொன்னேன். "அடுத்த மாசம் சீனப் பெருநாளுக்கும் வாணவேடிக்கை விடுவாங்க. அன்னைக்கு ராத்திரிக்கு லீவு கேளுங்க."

"கேட்டாச்சு"ன்னார்.