பெரிய மாத்திரையை நிறுத்திய கதை

எனக்கும் என் கணவருக்கும் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அதற்கான கூட்டு மருந்தை ஒருநாளும் தவறவிட்டதில்லை. அதனுடன் தினமும் ஒரு பெரிய வெள்ளை மாத்திரையும் தந்திருந்தார்கள். அது தொண்டையில் சிக்கி என் உயிரை வாங்கியது. உடம்புதான் நன்றாக இருக்கிறதே என்று அதை மட்டும் நானாக நிறுத்திவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து வயிற்றால் போக ஆரம்பித்தது. மூன்று வாரமாகியும் நிற்கவில்லை. அம்பத்தூரில் நான் தைக்கும் எக்ஸ்போர்ட் கம்பெனியில் பக்கத்து மெஷின் அக்கா என் இடுப்பைப் பார்த்து, "இன்னா டயட்டு? எனக்கும் சொல்லேன்" என்றாள். சிரித்து வைத்தேன். கூட்டு மருந்து வேலை செய்யவில்லையோ என்று உள்ளுக்குள் பயம்.

கடைசியில் என் கணவர்தான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். மலப் பரிசோதனை செய்ய வேண்டும் என்றார் டாக்டர். மறுநாள் காலை மலம் எடுத்த டப்பாவை ஸ்வீட் கடைப் பையில் சுற்றி, அவர் ஓட்டும் ஷேர் ஆட்டோவிலேயே கிளம்பினேன். குமணன்சாவடியில் ஏறிய ஓர் அம்மா பையைப் பார்த்து, "இன்னாம்மா, ஊட்ல விசேஷமா?" என்றார்.

"ஆமா பெரிம்மா, டாக்டருக்கு எடுத்துகினு போறோம்" என்றார் என் கணவர், ரோட்டைப் பார்த்தபடியே. இறங்கும்வரை அவர் தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது.

லேபில் இருந்த பெண் என்னை உள்ளே கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னாள். நீலப் பரப்பில் ரோஸ் நிறத்தில் நீளநீளமாய் முட்டைகள் போலத் தெரிந்தன.

"இதான்க்கா உங்க வயித்துல இருக்கற ஒட்டுண்ணி. தண்ணி, கழுவாத காய் மூலமா வரும்" என்றாள், புதையல் கிடைத்தவள் மாதிரி.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். "கூட்டு மருந்து நல்லா வேலை செய்யுது. ஆனா எதிர்ப்புச் சக்தி இன்னும் முழுசா ஏறல. அதுவரைக்கும் இந்த மாதிரி எதுவும் வராம இருக்கத்தான் பெரிய மாத்திரை. சாப்பிடறீங்கல்ல?"

"டெய்லி சாப்புடுது சார்" என்றார் என் கணவர் பெருமையாக.

நான் தரையைப் பார்த்தேன். பிறகு உண்மையைச் சொல்லிவிட்டேன்.

டாக்டர் சிரித்தார். "இதுக்கும் அதே பெரிய மாத்திரைதாம்மா மருந்து. பத்து நாளைக்கு, நாளுக்கு நாலு!"

வெளியே வந்ததும் என் கணவர் ஆட்டோவைக் கிளப்பாமல் என் பக்கம் திரும்பினார். "என்னாண்ட சொல்லியிருக்கலாம்ல? ஒடச்சுக் குடுத்திருப்பேனே" என்றார். வேளை தவறாமல் உடைத்தும் கொடுத்தார். குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வேலையையும் தானே எடுத்துக்கொண்டார்.

நாலாம் நாள் வயிற்றுப்போக்கு நின்றது. மாத்திரையெல்லாம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, வேப்பம்பட்டில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போனோம். மீன் குழம்புக்கு நான் மூன்றாம் முறை தட்டை நீட்டியபோது நாத்தனார் என்னை வியப்பாகப் பார்த்தாள்.

"போடு, போடு" என்றார் அவர். "ஒரு மாசத்துப் பசி."