எருமை மிதித்த குழாய்

கோவிந்தம்மாள் தினசரி காலண்டரில் தாளைக் கிழிப்பாள், ஆனால் எறியமாட்டாள். மாகறலில் எட்டாவது வரை படித்துவிட்டு மானாம்பதிக்கு வாழ்க்கைப்பட்டு வந்து முப்பத்தோரு வருஷமாகிறது. அன்றிலிருந்து தாளின் பின்பக்கத்தில் அன்றைய வயல் சேதியை எழுதிக் கம்பியில் குத்தி வைக்கிறாள். மடை திறந்த நாள், நாற்றுப் பிடுங்கிய நாள், புகையான் பூச்சி கண்ட நாள், எல்லாம் அந்தக் கம்பிகளில் இருக்கும்.

"உன் எழுத்த எவன் படிக்கப் போறான்?" என்று அவள் வீட்டுக்காரர் ராஜாராம் கேலி செய்வார். யாராவது படிக்கவா எழுதினாள்? எழுதாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது, அவ்வளவுதான்.

இந்தப் பழக்கத்தைக் கேள்விப்பட்டுத்தான் ஓர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஸ்ரீரஞ்சனி என்ற விஞ்ஞானி அவளைத் தேடி வந்தார். நெல்வயலில் எந்நேரமும் தண்ணீர் கட்டி வைக்காமல், காயவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்சினால் எவ்வளவு தண்ணீர் மிச்சமாகும் என்று பார்க்கிற ஆராய்ச்சி. பக்கமெல்லாம் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் குழாய் ஒன்றை வரப்போரம் புதைத்தார்கள். தரைக்கு மேலே பத்து சென்டி நீட்டிக்கொண்டிருந்தது. தினமும் காலையில் குழாய் வாயிலிருந்து ஸ்கேலை உள்ளே விட்டு, தண்ணீர் எத்தனை சென்டி கீழே இருக்கிறதென்று நோட்டில் குறிக்க வேண்டும். அதில் பத்தைக் கழித்தால், தரைக்குக் கீழே தண்ணீர் இருக்கும் ஆழம் தெரிந்துவிடும்.

மார்கழியில் விதைத்துச் சித்திரையில் அறுக்கிற நவரைப் பருவம், இரண்டு வருஷம் குறித்தாள். காய்ச்சலடித்த நாளில்கூடத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு போய்க் குறித்தாள். நோட்டை வாங்கிக்கொண்டு போனவர்கள் போனவர்கள்தான். கட்டுரை எங்கோ வெளிநாட்டுப் பத்திரிகையில் அச்சானதாம். வயலுக்குச் சொந்தக்காரிக்கு ஒரு வரி சேதி வரவில்லை. நம்மவர்கள் பெண் பார்க்க வரும்போது காட்டுகிற மரியாதையைப் பிறகு எங்கே காட்டுகிறார்கள்!

இந்த வருஷம் மாசியில் ஒருநாள், பக்கத்து வயல்காரன் வேதகிரி மஞ்சளாய்க் காய்ந்த நெற்பயிர் ஒரு பிடியோடு வாசலில் வந்து நின்றான். ராஜாராமுக்குப் பங்காளி, வாய் கொஞ்சம் நீளம்.

"இன்னா அண்ணி, இப்டி பண்ட்டீங்க?"

"நான் இன்னா பண்ணேன்?"

உரக்கடையில் கொடுத்த நோட்டீசை நீட்டினான். யாரோ கட்டுரையின் சுருக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தமிழில் அடித்தது. 'தரைக்கு இருபத்தைந்து சென்டி கீழே தண்ணீர் இறங்கும்வரை காயவிடலாம். விளைச்சல் குறையாது. மானாம்பதி விவசாயி ஒருவரின் வயலில் சோதித்தது.'

"மானாம்பதில குழா நட்டது உங்க வயலு ஒண்ணுதானே? உங்கள நம்பித்தான் காய வுட்டேன். பாருங்க, கருகிக்கினு கீது."

"நான் எங்க இருபத்தஞ்சு வுட்டேன்? பதினஞ்சுக்குக் கீழ ஒருநாளும் எறங்க வுட்டதில்ல."

"அப்போ அச்சடிச்சது பொய்யா?"

அந்தக் கேள்வி அவளைச் சுருக்கென்று தைத்தது. ஏரிப் பாசனத்தில் நாற்பது பேர் கையில் அந்த நோட்டீஸ் இருந்தது. பத்து நாளில் எல்லா வயலும் கதிர் வாங்கிவிடும். அப்போது போய் அத்தனை ஆழம் காயவிட்டால் பதர்தான் மிஞ்சும். அதுவும் அவள் வயலின் பேரைச் சொல்லி! கோவிந்தம்மாள் வாய் வார்த்தையாகச் சொன்னால் அச்சடித்த காகிதத்தின் முன்னால் எடுபடாது. தப்பு எங்கே நடந்தது என்று கண்டுபிடித்தாக வேண்டும்.

உத்திரமேரூரில் கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்க்கிற மருமகள் இளமதி போனில் தேடினாள். சுருக்கம் வந்தது, அதற்குக் கீழே பூட்டு.

"முழுசாப் படிக்கணும்னா டாலர்ல பணம் கட்டணுமாம் அத்தே."

"இன்னாது? என் வயலப் பத்தி நான் படிக்க டாலரா? நெல்லு என்து, தண்ணி ஏரிது, அளந்தவ நானு. நடுவுல பூட்டு போட்டவன் யாரு?"

அதே கோபத்தோடு ஸ்ரீரஞ்சனியைப் போனில் பிடித்தாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"உலகத்துல யார் வேணும்னாலும் காசில்லாமப் படிக்கிற மாதிரி ஒரு பொதுக் களஞ்சியம் இருக்கும்மா. என்கிட்ட இருக்கிற பிரதியை அதுல போட எனக்கு உரிமை உண்டு. போடணும்னுதான் நினைச்சேன், விட்டுப்போச்சு."

"வுட்டுப்போச்சா? நான் ஒருநாளு வுட்டேனாம்மா?"

"இதோ, இப்பவே போடறேம்மா" என்றார் ஸ்ரீரஞ்சனி. அன்று மதியத்துக்குள் முழுக் கட்டுரையும் களஞ்சியத்துக்கு வந்துவிட்டது. பூட்டும் இல்லை, டாலரும் இல்லை.

சாயங்காலம் இளமதி அட்டவணையை ஒவ்வொரு நாளாக வாசிக்க, கோவிந்தம்மாள் கண்ணை மூடிக் கேட்டாள். வேதகிரியும் விடாமல் வந்து உட்கார்ந்திருந்தான். முதல் பருவம் சரியாக இருந்தது. இரண்டாவது பருவத்தில் மாசி பன்னிரண்டாம் தேதி பதினோரு சென்டி என்றாள் இளமதி, பதிமூன்றாம் தேதி இருபத்திரண்டு.

"நிறுத்து. ஒரே நாள்ல பதினோரு சென்டி எறங்குமா? நெலமா, சல்லடையா?"

எழுந்து போய்க் கம்பியை இறக்கினாள். போன வருஷத்து மாசித் தாள்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்து ஒன்றை உருவி மருமகளிடம் கொடுத்தாள். இளமதி உரக்கப் படித்தாள்.

"மாசி 12. சாயங்காலம் வேதகிரி எருமை குழாயை மிதிச்சி ஒடச்சிடுச்சி. வேற குழாய் நட்டாச்சி. இது தரைக்கு மேல இருபது சென்டி."

ராஜாராம் சிரித்த சிரிப்பில் தெருநாய் எழுந்து ஓடியது.

விஷயம் இதுதான். வீட்டில் கிடந்த துண்டுக் குழாய் நீளமாக இருந்தது, நட்டாள். நோட்டில் அதற்கென்று கட்டம் இல்லாததால் ஓரத்தில் எழுதிவைத்தாள். கம்ப்யூட்டரில் ஏற்றியவர்கள் கட்டத்திலிருந்த எண்களை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். இருபதைக் கழிக்க வேண்டிய இடத்தில் பத்தையே கழித்தார்கள். அவளுடைய பதினைந்து அங்கே இருபத்தைந்தாகிவிட்டது.

சேதி கேட்டு, மறுநாளே ஸ்ரீரஞ்சனி அந்த நோட்டோடு நேரில் வந்தார். நோட்டின் ஓரத்தையும் காலண்டர் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மழுப்பவில்லை. "தப்பு எங்களோடதும்மா" என்றார். "பத்திரிகைக்கு எழுதறேன். திருத்தம் வர மாசக்கணக்காகும்."

"அதுவரிக்கும் பயிரு காத்துக்கினு இருக்குமா?"

அங்கேயே உட்கார்ந்து களஞ்சியத்தில் இருந்த பிரதியின் தலைப்பிலேயே திருத்தத்தைப் போட்டார் ஸ்ரீரஞ்சனி. தமிழிலும் ஒரு பக்கம் எழுதிச் சேர்த்தார். இளமதி அதை அச்செடுத்தாள். கோவிந்தம்மாள் ஒரு கையில் தாளும் ஒரு கையில் ஸ்கேலுமாக நாற்பது வயலுக்கும் நடந்தாள். கூடவே வேதகிரி போய், "அண்ணி சொல்றதக் கேளுங்க, ஒடச்சது என் எருமதான்" என்று போகிற இடமெல்லாம் சாட்சி சொன்னான். அவன் பயிரில் பாதி போனது போனதுதான். மற்ற வயல்களுக்கு நேரத்தோடு தண்ணீர் போயிற்று.

சித்திரையில் அறுவடை முடிந்த பிறகு ஸ்ரீரஞ்சனி ஒரு கடிதத்தை அனுப்பியிருந்தார். வங்கதேசத்தில் ஒரு விவசாயிகள் குழு எழுதியது. இளமதி தமிழில் சொன்னாள்: இருபத்தைந்து என்று சுவரில் எழுதி வைத்திருந்தார்களாம். திருத்தத்தைப் படித்துவிட்டு, பதினைந்தோடு நிறுத்தித் தண்ணீர் விட்டார்களாம். திருத்தத்தில் 'அளவெடுத்தவர்: கோவிந்தம்மாள், மானாம்பதி' என்று இருந்ததால் அவளுக்கு நன்றி சொல்லச் சொல்லியிருக்கிறார்கள்.

"என் எரும அதுல கீதா?" என்றான் வேதகிரி.

"கீது. 'எருமை மிதித்ததால் குழாய் மாற்றப்பட்டது'ன்னு போட்டுக்கீறாங்க" என்றாள் இளமதி.

வேதகிரிக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. கோவிந்தம்மாள் கேட்டது ஒன்றே ஒன்று: "அவங்க பயிரு எப்டி கீதாம்?"

"நல்லா வெளஞ்சிதாம் அத்தே."

அவளுக்குக் கண் கலங்கியது. பார்த்திராத ஊர், பார்த்திராத வயல், ஆனால் அந்த நெல்லில் தன் பங்கும் இருக்கிறது என்ற பெருமை அவளுக்குத் தாளவில்லை. அதை மறைக்க, அன்றைய தாளைக் கிழித்துத் திருப்பிப் பேனாவைத் தேடினாள்.

பேனா ராஜாராமின் கையில் இருந்தது. இன்னொரு கையில் உத்திரமேரூரிலிருந்து வாங்கி வந்த புதுக் கம்பி. பழையது நிறைந்துவிட்டதாம்.

"இந்தா, எழுது" என்று நீட்டினார். "கொஞ்சம் குண்டு குண்டா எழுது. இனிமே ஒலகமே படிக்கும்."