சேர்ந்து வாசித்த இன்ஸ்பெக்டர்

போன வெள்ளிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வெல்ல மூட்டை ஏற்றி வந்த வண்டிக்காரர், மாட்டை அவிழ்க்குமுன்னே சொன்னார்: "பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரய்யா நேத்து தவறிப் போயிட்டாவ." கையிலிருந்த தராசைக் கீழே வைத்துவிட்டேன். அன்று அதற்குமேல் எனக்கு வியாபாரம் ஓடவில்லை. இன்ஸ்பெக்டர் நல்லபெருமாள் பிள்ளையை அறிந்த ராஜபாளையத்துப் பெற்றோர்களே, உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

அவர் வருவதற்கு முன் இன்ஸ்பெக்ஷன் என்றால் நமக்கு என்ன தெரியும்? வருஷத்துக்கு ஒரு நாள். பள்ளிக்கூடத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். தாய்மார் பிள்ளைகளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இருக்கிற நகையெல்லாம் பூட்டி அனுப்புவார்கள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே என்னவோ நடக்கும். சாயங்காலம் வாத்தியார் முகம் மலர்ந்திருந்தால் நல்லபடி முடிந்தது என்று நாமாக நினைத்துக்கொள்வோம். எனக்கோ பிறவியிலேயே மூக்கை நுழைக்கிற புத்தி. உள்ளே என்னதான் செய்கிறார்கள் என்று தெரியாமல் மண்டை குடையும்.

அவர் புதிதாக வந்த வருஷம் இன்ஸ்பெக்ஷனுக்கு முதல் நாள் வாத்தியார் என் பலசரக்குக் கடைக்கு வந்தார். "ராவுத்தரே, நாளைக்கு ஒங்க மகன் காசிமை வீட்டுல வச்சுக்கிடுங்க. காய்ச்சல்னு சொல்லிருதேன்."

"ஓடியாடுற புள்ளைக்கு எதுக்கு வாத்தியாரே காய்ச்சல்?"

"வாசிக்கச் சொன்னா திக்குதான். தேறுற பிள்ளையை வச்சுத்தான் சர்க்கார் மானியம். என் பொழைப்பையும் பாக்கணும்லா? பொறவு பேரையே எடுத்துரலாம். கடையில தராசு பிடிக்கட்டும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவர் சொன்னதிலும் பொய்யில்லை. என் மகன் வீட்டில் "அத்தா" என்று என்னைக் கூப்பிடுவதற்கே மூன்று தடவை முட்டுவான். இருந்தாலும் பேரை எடுத்துவிட்டால் அவன் படிப்பு அத்தோடு சரி. மறுநாள் காலையில் அவனைக் குளிப்பாட்டிக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். வாத்தியார் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அப்பப்பா!

புது இன்ஸ்பெக்டர் மாட்டுவண்டியிலிருந்து இறங்கினார். ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்த நம்மையெல்லாம் ஒரு நோட்டம் விட்டார். "எதுக்கு எட்டிப் பாக்கிய? உள்ள வாங்க. நான் என்ன புலியா?" அப்படித்தான் நாம் முதன்முதலாகச் சுவரோரம் வரிசையாக நின்று பார்த்தோம்.

முதலில் பிள்ளைகள் எல்லோரும் ஒரே குரலில் ஒரு பாடம் ஒப்பித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக வாசித்தார்கள். காசிம் முறை வந்தது. முதல் எழுத்திலேயே நின்றுவிட்டான். பிள்ளைகள் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் மட்டும் தலையைச் சாய்த்து அவனையே பார்த்தார். "இப்பம் எல்லாரோடயும் சேந்து சொல்லுதப்ப நீ திக்கலையே?" என்று கேட்டுவிட்டு, நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டார். வாத்தியாரிடம் கேட்டு, இன்னும் நடத்தாத ஒரு பக்கத்தைத் திருப்பினார். "வா, நாம ரெண்டு பேரும் சேந்து வாசிப்போம்."

இருவரும் வாசித்தார்கள். மழை பெய்தால் கண்மாய் நிரம்பும் என்று ஒரு பாடம். என் மகன் குரல் தடையில்லாமல் ஓடியது. நான் அதுவரை அந்தக் குரலைக் கேட்டதே இல்லை.

"ஐயா, நீங்க வாசிக்கதைக் கேட்டுல்லா சொல்லுதான்?" என்றார் வாத்தியார்.

இன்ஸ்பெக்டர் அடுத்த வரியை உரக்க வாசித்தார்: "கண்மாய் நிரம்பினால் கரை உடையும்."

காசிம் நிறுத்திவிட்டான். முகமெல்லாம் சிவக்க, "அ... அ... அப்படி இல்ல ஐயா. வ... வயல் விளையும்னுதான் இருக்கு" என்றான்.

நல்லபெருமாள் பிள்ளை கடகடவென்று சிரித்தார். "கேட்டியளா? இவனுக்கு வாசிக்கத் தெரியும். வாய்தான் சண்டித்தனம் பண்ணுது. வாத்தியாரும் நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கார்." வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு மட்டும் என்னவாம்? தோள்துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன்.

புறப்படும்போது நம்மிடம் சொன்னது நினைவிருக்கிறதா? "நான் வாரது பள்ளிக்கூடத்தைப் பாக்க. தேறாத பிள்ளையை ஒளிச்சு வச்சா, அதுக்கு என்ன கொறைன்னு யாருக்குமே தெரியாமப் போயிரும்."

அதற்குப்பின் வருஷா வருஷம் மூக்குப்பொடி வாங்க என் கடையில் வண்டி நிற்கும். நானும் விடாமல் துருவுவேன். ஒருதரம், "பிள்ளைகிட்ட என்னத்தைய்யா பாப்பிய?" என்று கேட்டேன். "கேள்வி கேட்டதும் பிள்ளை வாத்தியார் மொகத்தைப் பாத்தா அது பயந்து படிச்சது. என் மொகத்தைப் பாத்தா தெரிஞ்சு படிச்சது" என்றார். பொடியை உறிஞ்சி ஊரே அதிரத் தும்மிவிட்டு, குடையைக் கடையிலேயே மறந்துவிட்டுப் போனார். அந்தக் குடை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

ஆனால் நான் அவரிடமிருந்து வைத்துக்கொண்டது குடையை அல்ல. நாளை நீங்கள் அவர் நினைவாகப் பள்ளிக்கூடத்தில் கூடும்போது, நான் எழுதிய இதை வாசிக்கப்போவது காசிம். கூட்டத்தைக் கண்டால் அவனுக்கு இன்னமும் முட்டும். பக்கத்தில் நின்று நானும் சேர்ந்து வாசிப்பேன். அழுகையில் எங்கேயாவது நான் வரியைத் தப்பவிட்டால், அவன் என்னை நிறுத்துவான்.