சுவரோரம் பதினோரு அட்டைகள்

எங்கள் கட்டடத்தில் அவரை எல்லோரும் அட்டைக்காரர் என்றுதான் சொல்வார்கள். எலியும் பூச்சியும் பிடித்துக் கொடுக்கும் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக வேலை. ரொட்டிக்கடை, மருந்துக் கிடங்கு, ஓட்டல் சமையற்கட்டு என்று ஊரெல்லாம் அவர் பசை அட்டை வைத்த மூலைகள் இருக்கின்றன. மருந்து அடித்துவிட்டுப் போகிறவர்களை அவர் மதித்ததில்லை. "அடிச்சா செத்துச்சா ஓடிப்போச்சான்னே தெரியாது. ஒட்டினாத்தான் எங்கிருந்து வந்துச்சுன்னு சொல்ல முடியும்" என்பார்.

பிடிப்பதைவிட விசாரிப்பதற்குத்தான் அவருக்கு அட்டை வேண்டும். அட்டையின் நீளப்பக்கம் சுவரைத் தொட்டிருக்க வேண்டும். எலி சுவரை உரசிக்கொண்டுதான் ஓடும். பின்புறத்தில் பென்சிலால் தேதி, எண், சுவர் எந்தப் பக்கம் என்று ஓர் அம்புக்குறி. இடது ஓரத்தில் அதிகம் ஒட்டியிருந்தால் வரவு இடப்பக்கத்திலிருந்து. பெரிய கரப்பான் மட்டும் என்றால் எங்கிருந்தோ வந்து போகிறது. கடுகளவு குஞ்சுகள் என்றால் கூடு கைக்கெட்டும் தூரத்தில். எலி பிய்த்துக்கொண்டு தப்பினாலும் நாலு முடியும் ஒரு புழுக்கையும் விட்டுப் போகும். எலி அட்டையைக் காலையும் மாலையும் போய்ப் பார்க்காதவன் அதை வைக்கவே கூடாது என்பது அவர் கட்சி. உயிரோடு ஒட்டிக் கிடப்பதை ஒரு நாள் முழுக்க விட்டுவைப்பது வேலைத் திமிர் என்பார். அவரைப் பற்றி நான் தயங்காமல் சொல்லக்கூடிய நல்ல வார்த்தை அது ஒன்றுதான்.

ஏனென்றால் மனிதர்களிடமும் அவர் அட்டை வைப்பார். ஒரு ரொட்டிக்கடை முதலாளி, "எங்க கடையில எலியே கிடையாது" என்று சூடம் அணைக்காத குறையாகச் சொன்னாராம். இவர் தலையாட்டிவிட்டு மாவு மூட்டைக்குப் பின்னால் ஓர் அட்டையைச் செருகினார். மறுநாள் காலையில் அதைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்து, "அப்ப இவரு விருந்தாளியா?" என்று கேட்டார். இந்தக் கதையை அவர் சொல்லாத ஆள் எங்கள் நான்கு மாடியிலும் இல்லை. நம் வீட்டு வாசலில் நின்று பேசும்போதும் அவர் கண் நம் காலுக்குப் பின்னால், கதவிடுக்கில், செருப்பு ஸ்டாண்டுக்கு அடியில் இருக்கும்.

அவர் மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவர். "முதல் தடவை எங்க வீட்டுக்கு வந்தப்ப என் முகத்தையே பாக்கல. சிங்க்குக்கு அடியில எட்டிப் பாத்தாரு. அங்க சுத்தமா இருந்துச்சு. அதனாலதான் எனக்கு வாழ்க்கை கிடைச்சுது" என்பார். அட்டைக்காரர் மறுத்ததில்லை.

அந்த வருட ஆரம்பத்தில் அவருக்கு ஒரு புது மேற்பார்வையாளர் வந்தார். வயதில் சின்னவர். எந்த அட்டையில் எத்தனை ஒட்டியது என்று எழுதிக் கொடுக்கும் மாதாந்திரத் தாளைப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணே, எண்ணெல்லாம் பத்து, இருபதுன்னு முழுசு முழுசா இருக்கே. உண்மையிலேயே எண்ணுறீங்களா?" என்று கேட்டுவிட்டார். மற்றவர்களைச் சந்தேகப்பட்டே பழகியவருக்குத் தன்மேல் அது விழுந்தபோது தாங்கவில்லை. ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லை என்று மனைவி சொன்னார்.

அதற்கடுத்த மாதம்தான் அவருடைய பக்கத்து வீட்டுக்குத் தையல்காரம்மா குடிவந்தார். நாற்பது வயதிருக்கும். கூட, தடி ஊன்றி நடக்கும் அப்பா. லிப்ட் இருக்கிற கட்டடத்தில் தன் கைக்கு எட்டுகிற வீடு இது ஒன்றுதான் கிடைத்தது என்று சாமான் இறக்கும்போதே சொன்னார். சாமானில் பாதி, துணி அடைத்த பழைய அட்டைப்பெட்டிகள். அட்டைக்காரர் தன் வாசலில் நின்று ஒவ்வொரு பெட்டியாக உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதவ வந்தவர் என்று நினைத்து அந்தப் பெரியவர் அவருக்கு வணக்கம் வைத்தார்.

மூன்று வாரம் கழித்து அட்டைக்காரரின் சமையற்கட்டில் கரப்பான் குஞ்சுகள் தென்பட்டன. எத்தனையோ வீட்டில் பூச்சியை ஒழித்தவர் வீட்டில் பூச்சி. மனைவி சிரித்தேவிட்டார். இவர் சிரிக்கவில்லை, இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரையே பார்த்தார்.

அன்று மாலையே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்.

"அம்மா, உங்க வீட்டுல நாலு அட்டை வெச்சுப் பாக்கணும்."

"வெச்சுக்கோங்க அண்ணா. நாலென்ன, நாப்பது வெச்சுக்கோங்க."

வெளியே வந்து மனைவியிடம், "ரொம்பச் சீக்கிரம் சரின்னாங்க. கவனிச்சியா?" என்றார்.

"மாட்டேன்னு சொல்லியிருந்தா?"

"அதுவும் சந்தேகம்தான்."

மூன்று நாள் கழித்து எடுத்துப் பார்த்தபோது நான்கு அட்டையிலும் சேர்த்து இரண்டு எறும்பு, ஒரு சிவப்பு நூல். ஆனால் பசைமேல் வெள்ளையாக மெல்லிய தூள் படிந்திருந்தது. அவர் விரலால் தொட்டார். பிசுபிசுப்பு பாதி போயிருந்தது. பவுடர் தூவினால் பசை செத்துவிடும் என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். தனக்குத் தெரிந்தது அந்தம்மாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று அவரே முடிவுகட்டிக்கொண்டார். அட்டைகளைத் திரும்ப அதே இடத்தில் வைத்துவிட்டு நேராக நாலாவது மாடிக்குப் போய்க் குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் சொன்னார்.

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. முதல் மாடி அம்மா தன் வீட்டிலும் ஒரு கரப்பானைப் பார்த்ததாகச் சொன்னார். எப்போது பார்த்தார் என்று யாரும் கேட்கவில்லை. தையல்காரம்மாவை மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லும்படி வீட்டுச் சொந்தக்காரருக்கு எழுதுவது, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் முடிவெடுப்பது என்று அறிவிப்புப் பலகையில் தாள் ஏறியது. கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். படிக்காமல் போட்டேன் என்று சொல்லலாம், படித்துவிட்டுத்தான் போட்டேன்.

தையல்காரம்மா லிப்ட் வாசலில் அவரை மடக்கினார். நான் உள்ளே நின்றிருந்தேன்.

"அண்ணா, அது என் சாக்பீஸ் தூளு. துணியில கோடு போட்டுத் தட்டினா பறக்கும். நானே நாள் பூரா தும்மிட்டுக் கிடக்கேன்."

"எல்லாரும் ஏதாவது ஒண்ணு சொல்லத்தான் செய்வாங்கம்மா."

"அப்பாவால மாடிப்படி ஏற முடியாது. இந்த வீட்டை விட்டா எங்களுக்கு வேற போக்கிடம் இல்ல. தப்புன்னா தப்புன்னு காட்டிட்டு அனுப்புங்க. வெறும் வாயால அனுப்பாதீங்க."

அந்தக் கடைசி வார்த்தைதான் அவரைக் குத்தியது. காட்டத்தான் போகிறேன் என்று கிளம்பினார். செவ்வாய்க்கிழமை தன் வீட்டுக்குள் சுவரோரமாகப் பதினோரு அட்டைகள் வைத்தார். ஒன்று முதல் ஐந்து வரை பொதுச் சுவரோரம். மற்றவை வீட்டின் மறுபக்கம். பொதுச் சுவரில் எண்ணிக்கை ஏறி, தள்ளித் தள்ளிப் போகப் போகக் குறைய வேண்டும். அந்தப் படத்தைத் தாளில் வரைந்து கூட்டத்தில் நீட்டுவது அவர் திட்டம்.

வியாழக்கிழமை காலையில் எடுத்து வரிசையாகத் தரையில் வைத்தார். பொதுச் சுவர் அட்டைகளில் மூன்று, இரண்டு, ஒன்று, ஒன்று, இரண்டு. ஒன்பதாம் எண்ணில் நாற்பத்தேழு குஞ்சுகள். ஒன்பது இருந்தது முன்னறையில், வெளிச்சுவர் ஓரமாக, அவர் வேலைப் பையைத் தொங்கவிடும் ஆணிக்குக் கீழே.

மனைவியைக் கூப்பிட்டார்.

"நாலையும் ஒன்பதையும் மாத்தி வெச்சியா?"

"நான் ஏங்க மாத்தணும்?"

"பெருக்கும்போது..."

"சுத்திச் சுத்தித்தான் பெருக்கறேன். உங்க அட்டைக்கு இருக்கிற மரியாதை இந்த வீட்டுல எனக்குக் கிடையாது."

"அந்தம்மா உன்கிட்ட ஏதாவது பேசினாங்களா?"

மனைவி துடைப்பத்தைச் சுவரில் சாத்தினார். "கல்யாணமாகி இருபது வருஷம் ஆச்சு. இன்னிக்குத்தான் எனக்கும் ஒரு அட்டை வெச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

அவர் புது அட்டைகள் எடுத்து, எண் போட்டு, மறுபடி வைத்தார். அன்று லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். யாரும் எதையும் தொடவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் ஒன்பதாம் அட்டையில் முப்பத்தெட்டு. எல்லாம் மேல் ஓரத்தில், சுவரை ஒட்டிய பக்கத்தில். சுவரில் இறங்கி வந்திருக்கின்றன.

ஆணியிலிருந்து பையை இறக்கித் தரையில் செய்தித்தாள் விரித்துக் கொட்டினார். டார்ச், கையுறை, பென்சில். அடியில் இரண்டாக மடித்த பழைய அட்டைகள் இருபதுக்கு மேல்.

வேலை முடிந்த அட்டையை அங்கேயே பிளாஸ்டிக் கவரில் சுற்றி, அங்கேயே எறிந்துவிட்டு வர வேண்டும். அந்தத் தொழிலின் முதல் பாடம் அது. அவரே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார். ஆனால் மேற்பார்வையாளர் அந்தக் கேள்வியைக் கேட்ட நாளிலிருந்து இவர் அட்டைகளை எறியவில்லை. மறுபடி யாராவது "உண்மையிலேயே எண்ணுறீங்களா" என்றால் முகத்துக்கு நேரே நீட்டுவதற்காகச் சேர்த்து வைத்திருந்தார். ஒட்டிக்கொண்ட பெண் கரப்பான் சாகும்போது முட்டைக்கூட்டை உதிர்த்துவிட்டுப் போகும். ஓர் ஓட்டல் அட்டையில், தூசு படிந்து பசை காய்ந்த ஓரத்தில், ஐந்தாறு கூடுகள் இருந்தன. எல்லாம் வெடித்துக் காலியாக இருந்தன.

பக்கத்து வீட்டையும் சுவரையும் கட்டின மனைவியையும் சந்தேகப்பட்டவர், ஆணியில் தொங்கியதை மட்டும் பார்க்கவில்லை. சந்தேகத்துக்கும் ஒரு நிழல் விழும் இடம் உண்டு. சந்தேகப்படுகிறவன் நிற்கிற இடம்தான் அது என்று தோன்றுகிறது.

அவர் உடனே பக்கத்து வீட்டுக்கு ஓடினார் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஓடவில்லை. பழைய அட்டைகளை இரட்டைக் கவரில் கட்டிச் சனிக்கிழமைக் குப்பை வண்டியில் போட்டார். பையை வெந்நீரில் அலசினார். இடுக்குகளில் மருந்துக் களிம்பு வைத்தார். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் வீடு சுத்தம். வாயைத் திறக்காமல் இருந்தால் மாதக் கடைசியில் தையல்காரம்மா போய்விடுவார், பூச்சியும் போயிருக்கும், அவர் சொன்னதுதான் சரி என்று ஆகியிருக்கும். இதெல்லாம் அவர் யோசிக்கவில்லை என்று நான் நம்பவில்லை.

பை அலசியதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த மனைவி அன்று இரவு சாப்பாடு போடும்போது கேட்டார். "நாளைக்கு என்ன சொல்லப் போறீங்க?"

"கம்பெனிக்குத் தெரிஞ்சா வேலை போயிடும்."

"நான் அதைக் கேக்கல."

ஞாயிறு காலை வண்டி நிறுத்தும் தளத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். தையல்காரம்மாவும் அப்பாவும் கடைசி வரிசை. செயலாளர், "சார், நீங்க அட்டையைக் காட்டுங்க. அஞ்சு நிமிஷத்துல முடிச்சிடலாம்" என்றார்.

அட்டைக்காரர் எழுந்தார். கையில் ஒன்றுமில்லை.

"பூச்சி என் வீட்டுலதான் பொரிஞ்சிருக்கு. நான் வெளியில இருந்து கொண்டு வந்த பழைய அட்டையில முட்டைக்கூடு இருந்துச்சு. அந்தம்மா வீட்டுல ஒண்ணும் இல்ல."

முதல் மாடி அம்மா பக்கத்தில் இருந்தவரிடம், எல்லோருக்கும் கேட்கும்படி, "போய் அழுதிருப்பாங்க. இவரும் இளகிட்டாரு" என்றார்.

"யாரும் அழல. நானே பாத்தேன்."

"எங்க சார் அந்த அட்டை?" என்றார் செயலாளர்.

"எறிஞ்சிட்டேன்."

"எறிஞ்சிட்டீங்களா? நீங்களா? எங்க வீட்டுல பிடிச்ச எலியோட முடியைக்கூட மூணு மாசம் கவர்ல போட்டு வெச்சிருந்தீங்களே சார்!"

எல்லோரும் சிரித்தார்கள். அட்டைக்காரர் சிரிப்பு அடங்கும்வரை நின்றார்.

"சரி. என் வார்த்தையை நம்ப வேண்டாம். நாளைக்கே பதினாறு வீட்டுலயும் அட்டை வைக்கிறேன். சமையற்கட்டு, குளியலறை, கட்டிலுக்கு அடியில. ஒரு வாரம். யார் வீட்டுல எத்தனைன்னு எழுதி அறிவிப்புப் பலகையிலயே ஒட்டிடலாம். யாருக்கு அதிகமோ அவங்க காலி பண்ணட்டும்."

முதல் மாடி அம்மாவுக்கு அடுப்பில் பால் வைத்தது நினைவுக்கு வந்தது. ஒருவர் வீட்டில் கைக்குழந்தை இருந்தது. ஒருவருக்கு ஊரிலிருந்து விருந்தாளிகள் வரவிருந்தார்கள். என் கட்டிலுக்கு அடியில் இருக்கும் பழைய தாள் கட்டுகளை நினைத்து நானும் குனிந்துகொண்டேன். "அவ்வளவு தூரம் போகணுமா?" என்றார் செயலாளர். கால் மணி நேரத்தில் பலகையிலிருந்து தாளைக் கிழித்துவிட்டார்கள். மன்னிப்பு என்று யாரும் ஒரு சொல் சொல்லவில்லை.

கடைசி வரிசையில் பெரியவர் உரக்கக் கேட்டார். "என்னம்மா சொல்றாங்க?"

"நாம இருக்கலாமாம்ப்பா."

"யாரு சொன்னது?"

"அதோ, அவரு."

"போகச் சொன்னவரா?"

"அவரேதான்."

திங்கட்கிழமை வேலைக்குக் கிளம்பும்போது அட்டைக்காரர் பக்கத்து வீட்டு வாசலில் நின்றார். உள்ளே வைத்த நான்கு அட்டைகளை எடுக்க வேண்டும். மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்த நான் பார்த்தேன். தையல்காரம்மா கதவைப் பாதி திறந்து, நிலையில் கையை வைத்து வழிமறித்து நின்றார்.

"பையைத் திறங்க அண்ணா."

"என்னம்மா?"

"பாத்துட்டுத்தான் உள்ள விடுவேன்."

அவர் மிதியடிமேல் பையை வைத்து ஒவ்வொன்றாக எடுத்தார். டார்ச். கையுறை. பிரிக்காத அட்டைக்கட்டு. காலிக் கவர்கள். தையல்காரம்மா குனிந்து பையைத் தலைகீழாகப் பிடித்து இரண்டு தட்டுத் தட்டினார். ஒன்றும் விழவில்லை.

"பக்கத்துல அந்தச் சின்ன ஜிப்பு?"

"அதுல என் கண்ணாடிதாம்மா இருக்கு."

"திறங்க."

அவர் திறந்தார்.