கிளம்பும்போது உட்கார்ந்தவள்

என் சித்தப்பாவை எங்கள் குடும்பத்தில் தங்கமான மனுஷன் என்பார்கள். யாரையும் அதிர்ந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை, வாயைத் திறந்து யாரையும் நோகடித்ததில்லை என்பார்கள். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாயைத் திறக்காமலே ஒரு பெண்ணின் வாழ்க்கையை முடித்துவைத்தவர் அவர். அதற்கு என்ன பெயர் வைப்பது?

அப்போது நான் அஞ்சாம் வகுப்பு. எண்பதுகளின் தொடக்கம். சங்கரன்கோவிலில் கோயிலுக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டில் பெரியப்பா வைத்ததுதான் சட்டம். ஜவுளிக்கடை அவருடையது. அப்பா அவருக்கு அடுத்தவர். கடைசித் தம்பியான சித்தப்பா ருஷ்யாவுக்குப் போய் இன்ஜினியருக்குப் படித்தார். போனவர் ஆறு வருஷம் கழித்து ஒரு ருஷ்யப் பெண்ணோடு வந்து இறங்கினார். அங்கேயே ரிஜிஸ்தர் கல்யாணம் முடிந்திருந்தது. ரயிலடியிலிருந்து குதிரை வண்டியில் வந்து இறங்கிய அன்று, வண்டிக்குப் பின்னால் பாதி ஊர் ஓடிவந்தது.

அடுத்த தெருவிலிருந்து அத்தையும் ஓடிவந்தாள். பார்க்க அல்ல, அழ. அத்தைக்கு ஒரே மகள், என் மதினி. சித்தப்பா படித்து முடித்து வந்ததும் அக்கா மகளைக் கட்டுவார் என்பது மதினி பிறந்த அன்றே பேசி வைத்த பேச்சு. "சொந்தத் தம்பி கல்லு மாதிரி இருக்கும்போது எம்மவளுக்கு வெளிய மாப்பிள்ள தேடணும்னு எழுதியிருக்கே" என்று அத்தை முற்றத்தில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவருக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான்.

சித்திக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும். சித்தப்பாவே சொல்லிக் கொடுத்திருந்தார். மீதியை எங்கள் வீட்டில் கேட்டுக் கற்றுக்கொண்டாள். பெரியப்பா தன் கூட்டாளிகளையெல்லாம் "வாரும்வே" என்று கூப்பிடுவதைக் கேட்டுவிட்டு, ஒருநாள் கோயில் குருக்களைப் பார்த்து "வாரும்வே, உட்காரும்வே" என்றாள். குருக்கள் சிரித்துவிட்டார். அத்தை சிரிக்கவில்லை.

ஊருக்கு அவள் அமெரிக்காக்காரி. வெள்ளையாக இருந்தால் அமெரிக்கா, இல்லையென்றால் இங்கிலாந்து. வேறு ஊர் உலகத்தில் இல்லை. பாங்கிப் பரீட்சைக்குப் படிக்கிற பையன்களைக் கூட்டிக்கொண்டு வந்து, "நம்ம பையன்கிட்ட கொஞ்சம் இங்கிலீஷ் பேசச் சொல்லுங்க அண்ணாச்சி" என்று நிற்பார்கள். அவள் "இங்கிலீஷ் தெரியாது" என்பாள். நிஜமாகவே தெரியாது. வெள்ளைக்காரிக்கு இங்கிலீஷ் தெரியாது என்றால் நம்ப இவர்கள் என்ன பைத்தியமா? திமிர் பிடித்தவள் என்று சொல்லிக்கொண்டே போவார்கள். அவள் புது மனிதர்களைப் பார்த்துச் சிரிக்கவும் மாட்டாள். பழகியவர்களிடம்தான் சிரிப்பாள். அதுவும் சேர்ந்துகொண்டது.

பெரியப்பாவுக்கு அவள் ருஷ்யாக்காரி என்று நன்றாகத் தெரியும். கடைக்கு வருகிறவர்களிடம் அவரே அமெரிக்கா என்றுதான் சொல்வார். "ருஷ்யான்னா பஞ்சப்பட்ட தேசம்னு நெனப்பானுவ. அமெரிக்கான்னே இருக்கட்டும், நமக்குக் கொறஞ்சா போச்சு?" என்று அப்பாவிடம் சொன்னதை நானே கேட்டேன். சித்தப்பாவும் பக்கத்தில்தான் இருந்தார். இல்லை என்று சொல்லவில்லை. ஒருநாள் பெரியப்பா சேலை எடுக்க வந்த கூட்டத்துக்கு முன்னால் அவளை நிறுத்திவைத்து அமெரிக்கா அமெரிக்கா என்று அளந்துகொண்டிருந்தபோது அவளுக்குப் புரிந்துவிட்டது. நெஞ்சில் கையை வைத்து, "நான் அமெரிக்கா இல்ல! நான் ருஷ்யா!" என்று கத்தினாள். அவள் சத்தம் போட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். கடையில் வைத்து மூத்தவர் மானத்தை வாங்கிவிட்டாள் என்று வீட்டில் இரண்டு நாள் அதே பேச்சு. பொய் சொன்னது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

தாலி கட்டவில்லை என்பது அடுத்த குறை. வலது கையில் ஒரு மோதிரம், அவ்வளவுதான் அவளுக்குக் கல்யாண அடையாளம். கோயிலில் வைத்துத் தாலி கட்டிவிடலாம் என்று அம்மா சொல்லத்தான் செய்தாள். அத்தை விடவில்லை. கோமதி அம்மன் தபசுத் திருவிழா முடியட்டும் என்றாள். தபசுத் திருவிழா முடியட்டும் என்றாள். முடிந்தது. அப்புறம் புரட்டாசி வந்தது, மார்கழி வந்தது. எப்போதும் ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருந்தது.

இனி சகுனத்துக்கு வருகிறேன். எல்லாம் கெட்டது அதில்தான்.

எங்கள் வீட்டில் ஒருவர் வெளியூருக்குக் கிளம்பும்போது பூனை குறுக்கே போனாலோ, யாராவது ஒற்றைத் தும்மல் போட்டாலோ, உடனே உள்ளே திரும்பி வந்து உட்கார வேண்டும். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். சகுனம் நன்றாக இருந்தால் நிற்காமல் போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஆக, கிளம்புகிற ஆள் உட்கார்ந்தால் எங்களுக்கு ஒரே அர்த்தம்தான். சகுனம் கெட்டுவிட்டது.

சித்தப்பா தூத்துக்குடியில் ஒரு ஆலை வேலைக்கு இன்டர்வியூ போனார். விபூதி பூசிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தவரின் சட்டைக் கையைப் பிடித்து சித்தி இழுத்தாள். முன்கட்டில் கிடந்த பெஞ்சில் அவள் உட்கார்ந்தாள், அவரும் உட்கார்ந்தார். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, ஒரு நிமிஷம் இருந்திருப்பார்கள். பிறகு அவள் எழுந்து அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

பெரியப்பா பார்த்துவிட்டார். "எதுக்குல உக்காந்த? என்னல சகுனம்?"

"ஒண்ணுமில்லண்ணே. செருப்பு மாட்டுனேன்" என்றார் சித்தப்பா.

செருப்பு காலில் ஏற்கெனவே இருந்தது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

வேலை கிடைக்கவில்லை.

அடுத்த சில மாதத்தில் மதினிக்குக் கோவில்பட்டியில் ஒரு மாப்பிள்ளை தகைந்து வந்தது. பையனுக்கு அரசாங்க உத்தியோகம். பேசி முடிக்கப் பெரியப்பாவும் அத்தையும் வாடகைக் காரில் கிளம்பினார்கள். அம்மா தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், முல்லைப்பூ எல்லாம் எடுத்து வைத்தாள். எதிரே யாரும் தப்பாக வந்துவிடக் கூடாது என்று தெருமுனையில் ஆளே நிறுத்தியிருந்தார்கள். அத்தை பட்டுச்சேலையும் குங்குமமுமாக நிலையைத் தாண்டக் காலை எடுத்தாள். சித்தி ஓடிவந்து அவள் கையைப் பிடித்து, "அக்கா, உட்காரு. ஒரு நிமிஷம். நல்லது" என்று பெஞ்சுக்கு இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்துவிட்டாள். தானும் பக்கத்தில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டாள்.

அத்தையின் முகம் வெளிறிவிட்டது. சித்தி எழுந்து அத்தையைப் பார்த்து முகம் கொள்ளாமல் சிரித்தாள். அதுவரை அவள் அத்தையிடம் அப்படிச் சிரித்ததே இல்லை.

"இவ என்னத்தக் கண்டா? எம்மவ காரியமாப் போற நேரத்துல என்னைய எதுக்கு உக்கார வச்சா? கெடுத்துட்டுச் சிரிக்கா பாருங்கய்யா, சிரிக்கா பாருங்க!"

சித்தி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். கடைசியாகச் சித்தப்பாவைப் பார்த்து ருஷ்ய பாஷையில் ஏதோ கேட்டாள். சித்தப்பா நான்கு வார்த்தை பேசியிருந்தால் போதும். பெரியப்பாவிடம் ஒரு வார்த்தை, அத்தையிடம் ஒரு வார்த்தை. அவர் வாசலில் நின்ற காரைப் பார்த்துக்கொண்டு, "நேரமாச்சு, கெளம்புங்க" என்றார்.

அந்தச் சம்பந்தம் முறிந்தது. பையன் தன் மாமன் மகளைத்தான் கட்டுவேன் என்று முன்பே அடம் பிடித்துக்கொண்டிருந்தானாம். அவனைப் பெற்றவர்களே வந்து சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்கள். காப்பி கொடுத்து அனுப்பினோம். அவர்கள் தெரு தாண்டவில்லை, அத்தை ஆரம்பித்துவிட்டாள்.

"தம்பி வேலையும் இப்படித்தான போச்சு? அன்னைக்கும் இவதான் புடிச்சு உக்கார வச்சா. இந்த வீட்டுல இனி ஒரு நல்லது நடக்குமா? தாலி கூட ஏறல, இதெல்லாம் ஒரு கல்யாணமா?"

தாலியைக் கட்ட விடாமல் ஒரு வருஷம் தள்ளிப் போட்டவளே அப்படிச் சொன்னாள். கூடத்தில் பெரியவர்கள் அத்தனை பேர் இருந்தார்கள். யாரும் அவளிடம் அதைக் கேட்கவில்லை. அம்மா மட்டும், "அந்தப் பிள்ளைக்கு நம்ம பழக்கம் என்ன தெரியும்? என்னன்னு கேட்டுப் பாருங்களேன்" என்றாள். "நீ அடுப்பப் பாரு" என்று பெரியப்பா வாயை அடைத்தார்.

கொஞ்ச நாள் அவள் ஊருக்குப் போய் இருந்துவிட்டு வரட்டும், இங்கே எல்லாம் ஆறட்டும் என்று முடிவானது. சித்தப்பா மெட்ராஸ் வரை கொண்டுபோய் விமானம் ஏற்றிவிட வேண்டும். வேலை கிடைத்ததும் கூப்பிட்டுக்கொள்ள வேண்டும். அப்படித்தான் அவளிடம் சொன்னார்கள்.

கிளம்பிய அன்று சாயங்காலம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வாசலில் குதிரை வண்டி நின்றது. அவள் வரும்போது கொண்டுவந்த பச்சை டிரங்குப் பெட்டி முன்கட்டில் இருந்தது. பெஞ்சை அதற்கு முன்பே அத்தை எடுத்துப் பின்கட்டில் போட வைத்திருந்தாள். சித்தி என் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். எனக்கு நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்தாள். பிறகு பெட்டிமேல் போய் உட்கார்ந்தாள்.

"பாருங்க, போகும்போதும் உக்காருதா" என்றாள் அத்தை.

சித்தி எங்களைப் பார்த்தாள். பெரியப்பா, அப்பா, அம்மா, நான், கடைசியில் சித்தப்பா. பெட்டியில் தன் பக்கத்தில் இருந்த இடத்தைக் கையால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

பெட்டி கனக்கிறது, தூக்க ஆள் வேண்டும் என்கிறாளோ என்று நினைத்தேன். சகுனம் சரியில்லையோ என்றும் நினைத்தேன். உள்ளே ஓடி ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன். எனக்குத் தெரிந்த பரிகாரம் அதுதான். அவள் வாங்கி முழுவதையும் குடித்தாள். குடிக்கும்போதே கண்ணிலிருந்து வடிந்தது.

"ரயிலுக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டுச் சித்தப்பா படி இறங்கி வண்டிப் பக்கம் போய்விட்டார்.

அவர் திரும்பி வந்தார். அவள் வரவில்லை. யாரும் கூப்பிடவில்லை. வேலையும் கிடைத்தது, கூப்பிடவில்லை. மறு வருஷம் வைகாசியில் சித்தப்பாவுக்கும் அத்தை மகளுக்கும் கோமதி அம்மன் சன்னதியில் கல்யாணம். பாயசம் நன்றாக இருந்தது. மதினியைச் சித்தி என்று கூப்பிடச் சொன்னார்கள். எனக்கு அந்த வார்த்தை நாக்கில் வரவில்லை; அத்தை செல்லமாக என் கன்னத்தைக் கிள்ளினாள். அத்தை அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. கோவில்பட்டிச் சம்பந்தம் போனதற்கு அழுதவள் எப்படி இப்படிச் சிரிக்கிறாள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

இது எல்லாம் பழைய கதை, விட்டுத்தொலை என்றுதான் நானும் இருந்தேன். போன வருஷம் என் மகள் மேற்படிப்புக்கு ஜெர்மனி கிளம்பினாள். வழியனுப்பச் சொந்தமெல்லாம் வந்திருந்தது. சித்தப்பாவும் கைத்தடியோடு வந்தார். பெட்டியை எடுக்கப் போகும்போது கையைத் தூக்கி, "எல்லாரும் ஒரு நிமிஷம் அப்படியே உக்காருங்க" என்றார். "ருஷ்யாவுல தூரப் பயணம் போனா இப்படித்தான். போறவங்களும் வீட்டுல இருக்கவங்களும் சேந்து உக்காந்து எந்திரிக்கணும். போன காரியம் நல்லா முடியும். போனவங்க பத்திரமா வீடு திரும்புவாங்க. அங்கன நான் இருந்த ஆறு வருஷமும் இதப் பாத்திருக்கேன்."

எவ்வளவு தெளிவாகச் சொன்னார்! பெரியவர் சொல்கிறாரே என்று எல்லோரும் உட்கார்ந்தார்கள். என் மதினியும் சோபாவில் உட்கார்ந்து பக்தியாகத் தலையைக் குனிந்துகொண்டாள். நான் உட்காரவில்லை.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா சித்தப்பா?" என்றேன்.

"என்னைக்கு?" என்று மதினி கேட்டாள். சித்தப்பா தரையைப் பார்த்தார். வயதான மனுஷனிடம் இப்படியா பேசுவது என்று என் வீட்டுக்காரர் என்னை முறைத்தார். முறைக்கட்டும்.

இத்தனை வருஷமும் சித்தப்பா பயந்தாங்கொள்ளி என்றுதான் நினைத்திருந்தேன். மூத்தவர்களுக்கு முன்னால் பேச நா எழாதவர், பாவம் என்றுகூட நினைத்ததுண்டு. பாவமும் இல்லை, ஒன்றும் இல்லை. அன்றைக்கு அந்த வீட்டில் அவள் எதற்கு உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்த ஒரே ஆள் அவர். பக்கத்தில் உட்கார்ந்தால் அவள் திரும்பி வருவாள் என்று அவளைப் போலவே அவருக்கும் தெரியும்.

அது ரொம்பப் பெரிய பெட்டி. இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம்.