உர்சுலா காகிதத்தில் வரைந்த திரைகள்

உர்சுலா கணினி அறையில் வேலை பார்த்த முதல் ஏழு வருடங்களில், அந்தக் கணினி யாருக்காக ஓடுகிறது என்று ஒருவரும் அவளுக்குச் சொன்னதில்லை. 1974இல் பள்ளி முடித்த கையோடு, கப்பல் உதிரிபாகங்கள் விற்கும் ஒரு கம்பெனியில் கணினி படிக்கும் அட்டைகளில் துளை போடும் வேலைக்குச் சேர்ந்தாள். எதிரே ஒரு தாள், கையடியில் விசைப்பலகை. தாளில் இருக்கும் எண்கள் எங்கே போகின்றன என்று கேட்டால், "பஞ்ச் பண்ணு, போதும்" என்பார் மேற்பார்வையாளர். உர்சுலாவுக்கு அது போதவில்லை. வேலை முடிந்து மாலை வகுப்புக்குப் போய்ப் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டாள். 1981இல் கம்பெனி அவளைப் புரோகிராமர் ஆக்கியது. சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து வந்த பெண்கள், "அப்ப இனிமே டைப் அடிக்க வேணாமா?" என்று கேட்டார்கள்.

"இனிமேதான் நிறைய அடிக்கணும்" என்று சிரித்தாள்.

கம்பெனி அப்போது தன் கிடங்குகளுக்காகப் பெரிய மென்பொருள் ஒன்றைச் செய்யத் தொடங்கியிருந்தது. பிரிவுத் தலைவர் தில்லையம்பலம் யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில் வந்தவர். எழுத்தில் இல்லாத எதையும் நம்பாத மனிதர். மேலாளர்களோடு மாதக்கணக்கில் பேசி, நானூறு பக்கத்துக்குத் திட்டம் எழுதி, எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினார். பிறகு அதன்படியே வரிக்கு வரி புரோகிராம் எழுதச் சொன்னார். உர்சுலாவும் இரண்டு வருடம் எழுதினாள். 1983 மார்ச்சில் துறைமுகத்தை ஒட்டிய பாசிர் பாஞ்சாங் கிடங்கில் கணினித் திரைகள் வந்து இறங்கின. மூன்றே வாரத்தில் அவற்றைத் துணி போட்டு மூடிவிட்டார்கள்.

என்ன கோளாறு என்று பார்த்துவரச் சொல்லி உர்சுலாவை அனுப்பினார் தில்லையம்பலம். தான் எழுதியதைப் பயன்படுத்த வேண்டியவர்களை அன்றுதான் அவள் முதன்முதலாகப் பார்த்தாள். ஒலி முகம்மது கிடங்கின் விற்பனைக் கௌண்டரில் இருபது வருடமாக நிற்பவர். பக்கத்தில் கிளார்க் ஜைனப், கையில் கணக்கு எழுதும் நோட்டுப் புத்தகத்தோடு.

"கம்ப்யூட்டரை ஏன் பாய் யூஸ் பண்ணல?"

"அது பார்ட் நம்பர் கேக்குது லா. பன்னெண்டு இலக்கம். கப்பல்காரன் நம்பரோடவா வர்றான்?" என்றார் ஒலி முகம்மது, அந்த ஊர்ப் பேச்சுக்கே உரிய "லா"வோடு.

சொல்லி வாய் மூடவில்லை, ஒரு கப்பல் இன்ஜினியர் வந்து, எண்ணெய் படிந்த துணியிலிருந்து தேய்ந்துபோன வளையம் ஒன்றை எடுத்து வைத்தார். ஒலி முகம்மது கப்பலின் பெயரைக் கேட்டார். வேறு ஓரிரண்டு வார்த்தை பேசினார். நேராக நடந்துபோய்ப் புது வளையத்தோடு திரும்பிவந்தார். இரண்டு வருடம் தான் எழுதிய புரோகிராமில் கப்பலின் பெயருக்கு இடமே இல்லை என்பது உர்சுலாவுக்குச் சுரீரென்று உறைத்தது.

மறுநாள் தில்லையம்பலத்திடம் போய்ச் சொன்னாள்.

"எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு, மிஸ் உர்சுலா. இனி மாத்தத் தொடங்கினா முடிவே இருக்காது."

"கையெழுத்துப் போட்ட யாருமே கௌண்டர்ல நிக்கறதில்ல, சார்."

தில்லையம்பலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆறு வாரம் தாறன். ஒரே ஒரு கௌண்டருக்குத்தான்" என்றார்.

உர்சுலா முதலில் ஒரு வரிகூடப் புரோகிராம் எழுதவில்லை. பெரிய தாள்களில் பென்சிலால் திரைகளை வரைந்து கிடங்குக்கு எடுத்துப் போனாள். ஜைனப் தாளில் வரைந்த விசையை விரலால் அழுத்துவாள். உர்சுலா அந்தத் தாளை எடுத்துவிட்டு, கணினி அடுத்துக் காட்ட வேண்டிய திரையின் தாளை வைப்பாள். முதல் நாள் ஒலி முகம்மது, "சின்னப் புள்ளைங்க வெளயாட்டு மாதிரி இருக்கே" என்று சிரித்தார். மூன்றாம் நாள் பென்சிலைத் தானே வாங்கிக்கொண்டார்.

"சாமான் இருக்கற ரேக் நம்பர் மேல வரட்டும்மா. எனக்கு மொதல்ல கால்தான் நகரும், அப்புறந்தான் கை."

தாளில் சரியென்று பட்டதை மட்டும் உர்சுலா புரோகிராமாக எழுதினாள். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு சிறு பகுதி ஓடும். அவர்கள் சொல்லும் குறைகளைத் திங்களன்று திருத்துவாள். நான்காம் வாரம் ஜைனப் நோட்டுப் புத்தகத்தை மூடி வைத்தாள்.

ஐந்தாம் வாரம் அடி விழுந்தது. ஒலி முகம்மது விடுப்பில் இருந்த நாள். ஜைனப் திரையைப் பார்த்து எடுத்துக் கொடுத்த வளையம் அந்தக் கப்பலுக்குப் பொருந்தவில்லை. கப்பல் நங்கூரம் போட்டிருந்த இடத்திலிருந்து படகேறித் திரும்பி வந்த இன்ஜினியர் கௌண்டரில் கத்தினார். ஒரே பெயரில் இரண்டு கப்பல்கள் இருந்திருக்கின்றன. ஜைனப் அழுதுவிட்டாள். உர்சுலா இன்ஜினியரிடமும் பிறகு தில்லையம்பலத்திடமும், "ஜைனப் மேல தப்பில்ல. நான்தான் கேக்காம விட்டுட்டேன்" என்றாள். திட்டத்தையே நிறுத்திவிடுவார் என்று நினைத்தாள். அவர், "எப்ப திருத்துவீங்க?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த நாள் ஒலி முகம்மது தலையில் கை வைத்துக்கொண்டார். "பேரு மட்டும் பத்தாதும்மா. எந்த நாட்டுக் கொடி, இன்ஜின் நம்பர் என்ன, ரெண்டும் கேப்பேன். வாய் தானா கேட்டுரும், அதான் உங்கிட்ட சொல்லத் தோணல."

அன்று முழுக்க உர்சுலா அவரை ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்று, வந்தவர்களிடம் அவர் பேசுவதை மட்டும் எழுதிக்கொண்டாள். சொல்ல மறந்த ஒன்பது விஷயங்கள் அகப்பட்டன. இரண்டு நாளில் திரை கொடியையும் இன்ஜின் எண்ணையும் கேட்டது.

ஆறு வாரம் முடிந்தபோது திட்டத்தை நிறுத்துவது பற்றி யாரும் பேசவில்லை. மற்றக் கிடங்குகளிலிருந்து, "எங்களுக்கு எப்போ?" என்று போன் வந்தது. 1985க்குள் ஐந்து கிடங்குகளிலும் அது ஓடியது. அடுத்து, கப்பல்களுக்குப் பொருள் கொண்டுபோகும் படகுகளுக்கு ஒரு மென்பொருள் வேண்டியிருந்தது. ஒருநாள் காலை தில்லையம்பலம் யாரிடமும் சொல்லாமல் தானே படகில் ஏறிப் போனார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சட்டையெல்லாம் உப்புத்தண்ணீராகத் திரும்பிவந்து, "ஈரக்கையால கீ அடிக்க ஏலாது. அதை நாங்கள் யோசிக்கவே இல்லை" என்றார்.

அந்த வருடமே உர்சுலாவுக்கு ஒரு குழு கிடைத்தது. அதற்கு முதல் ஆளாக அவள் கேட்டது ஜைனப்பை.

"எனக்குப் புரோகிராம் தெரியாதே, உர்சுலாக்கா!"

"அத நான் கத்துத் தர்றேன். கௌண்டர் உனக்குத் தெரியும்ல, வா லா."

ஜைனப் அடுத்த திங்கட்கிழமையே வந்து சேர்ந்தாள்.