லைப்ரரிக்குள் என் ஓரகத்தி

எனக்கு வயது எழுபத்தாறு. வளர்த்தது ஏழு பேர். ஐந்து நான் பெற்றது, இரண்டு என் தம்பி விட்டுவிட்டுப் போனது. ஏழு பேரும் யாரிடமும் போய் நிற்காமல் பிழைக்கிறார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதைப் படித்துவிட்டு, இவளுக்குக் குடும்பம் நடத்தத் தெரியாது என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

மூத்த மகனின் மகள் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தாள். திடீரென்று அதை விட்டுவிட்டுக் கோம்பைக்கு வந்து எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்துகொண்டாள். உடம்புக்கு ஏதாவதா, காதல் கீதலா என்று தெருவே விசாரித்தது. இரண்டும் இல்லை. லைப்ரரி எழுதுகிறாளாம்.

அது என்ன என்று நான் விளங்கிக்கொண்ட வரைக்கும் சொல்கிறேன். மாவை அரைத்து வைத்துவிட்டால் இட்லி ஊற்றுகிறவள் இட்லி ஊற்றலாம், பணியாரம் சுடுகிறவள் பணியாரம் சுடலாம். அதுபோல, கம்ப்யூட்டரில் எதையாவது செய்கிறவர்கள் எடுத்துப் போட்டுக்கொள்ள ஏற்கெனவே அரைத்து வைத்த மாவு. இவள் அரைத்தது உறவுமுறை மாவு. இன்னாருக்கு இன்னார் என்ன வேண்டும், எப்படிக் கூப்பிட வேண்டும் என்று சொல்லும். அப்பாவோடு பிறந்த அக்காள் மகனின் பெண்டாட்டி யார் என்று ஒரு பெண்பிள்ளை கேட்டால், கேட்டு வாய் மூடுவதற்குள் ‘அக்கா’ என்று விடை வரும். ஊரில் உள்ள அத்தனை பேரையும் அங்கிள், ஆண்டி என்று ஒரே சாக்கில் அடைத்து மூட்டை கட்டும் பட்டணத்துப் பிள்ளைகளுக்கு உதவுமாம்.

“எம்புட்டுக்குடி விப்ப?” என்று கேட்டேன்.

“விக்க மாட்டேன் அப்பத்தா. சும்மா குடுக்கிறது. யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம். இஷ்டத்துக்கு மாத்திக்கலாம்.”

“மாத்திக்கலாமா? சித்தப்பன பெரியப்பனா மாத்திட்டான்னா?”

“அது அவுக பாடு.”

“நல்லாருக்குடி ஆத்தா. சம்பளத்த விட்டுப்புட்டு வந்து, ஊரான் மாத்திக்கிறதுக்கு உறவு செஞ்சு குடுக்கிற.”

சும்மா கொடுக்கிற பொருள்தானே, வாசலில் வைத்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். அது முடியாதாம். ஒரு குழு இருக்கிறது. அவர்கள் ரிவியூ செய்து சரி என்று சொன்ன பிறகுதான் வெளியிடலாம். ஏலக்காய் ஏலத்துக்குப் போனால்கூட வியாபாரி ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு விலை சொல்லிவிடுகிறான். இவர்களோ பெண் பார்க்க வந்த சம்பந்தக்காரர்களைப் போல வந்தார்கள். ஒருவர் பெங்களூரில், ஒருவர் சென்னையில், ஒருவர் ஏதோ குளிர் தேசத்தில். ஒருவர், இந்த வரிக்குக் கீழே ஓர் இடைவெளி கூடுதலாக இருக்கிறது என்று எழுதுவார். பேத்தி எடுத்துவிடுவாள். மற்றொருவர், இங்கே ஓர் இடைவெளி விட்டிருந்தால் பார்க்க லட்சணமாக இருக்குமே என்று எழுதுவார். இவள் திரும்ப வைப்பாள். லைப்ரரிக்கு என்ன பெயர் வைப்பது என்று மாதக்கணக்கில் பேசினார்கள். நான் ஏழு பிள்ளைகளுக்கும் பெயர் வைக்க இவ்வளவு நேரம் செலவழிக்கவில்லை. பெண்ணை யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. பெண் வீட்டு நிலைப்படி எந்தத் திசை என்பதிலேயே பொழுது போனது.

பிறகு குழுத் தலைவர் ஒரு கெடு வைத்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை ரிவியூ முடிய வேண்டும். முடியாவிட்டால் கோயம்புத்தூரில் இதே மாதிரி ஒன்றை எழுதிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிடுவது. அவர் பெயரில் வெளியாகும். இவள் எழுதியது அதில் ஒரு மூலையில் கிடக்கும். அதைக் கேட்டதிலிருந்து பேத்தி தட்டில் போட்ட சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை.

“சும்மா குடுக்கிறதுக்கா இம்புட்டுக் கவல?” என்றேன்.

“காசு இல்லேன்னா போகுது. பேரு வேணும்ல அப்பத்தா? நான்தான செஞ்சேன்?”

அவள் சொன்ன கம்ப்யூட்டர் சமாசாரத்திலேயே எனக்கு விளக்கமே தேவைப்படாதது அது ஒன்றுதான்.

இப்போது பக்கத்து வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்ல எனக்கு விருப்பமில்லை, ஆனால் சொல்லாமல் கதை நகராது.

லைப்ரரியோடு மாதிரிக்கு ஒரு குடும்பத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், வாங்குகிறவர்கள் அதை வைத்துச் சோதித்துப் பார்ப்பார்கள் என்று எங்கள் குடும்பத்தையே கேட்டாள். பெயருக்குப் பதில் நம்பர்தான் போடுவேன் என்றாள். நான் மொச்சை உரித்துக்கொண்டே எங்கள் பாட்டன் காலத்திலிருந்து சொன்னேன். ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். பக்கத்து வீடு அதில் வரக் கூடாது.

பக்கத்து வீட்டில் இருப்பவள் என் கொழுந்தன் பெண்டாட்டி, எனக்கு ஓரகத்தி. ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கியது. அவள் என் தாய்மாமன் மகளும்கூட. வயதில் எனக்கு மூத்தவள். பிறந்த வழியில் பார்த்தால் எனக்கு மதினி, நான் மரியாதை கொடுத்துப் பேச வேண்டும். புகுந்த வழியில் பார்த்தால் நான் மூத்த மருமகள், அவள் இளையவள். குலசாமி கோயிலில் முதல் பொங்கல் பானையை மூத்த மருமகள்தான் அடுப்பில் ஏற்ற வேண்டும். ஒரு மாசி சிவராத்திரிக்கு நான் பானைக்கு மஞ்சள் கட்டிக்கொண்டிருக்கும்போதே அவள் தன் பானையை ஏற்றிவிட்டாள். கேட்டால், “வயசுக்கு மூத்தவ நான்தான?” என்றாள். அன்றோடு பேச்சு நின்றது.

எங்கள் பக்கத்தில் பேச்சு நின்றால் உறவும் நின்றது. அந்த வீட்டுக்கு அதற்குப் பிறகு முறை கிடையாது; ‘பக்கத்து வீடு’ அவ்வளவுதான். எங்கள் நாயும் அவர்கள் நாயும்கூட ஒன்றையொன்று பார்த்துக் குரைப்பதில்லை. இரண்டும் கோம்பை நாய்கள், ரோஷம் உள்ளவை.

“சின்ன அப்பத்தா இல்லாம எப்பிடி? அவுக இல்லேன்னா ஒரு கிளையே இல்லையே” என்றாள் பேத்தி.

“அவ இருந்தா நான் இல்ல. வேற குடும்பத்தப் பாத்துக்க.”

பேத்தி என்னை வைத்துக்கொண்டு அவளை எடுத்துவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தலைவரே நேரில் வந்துவிட்டார். சுருளி அருவிக்குப் போகிற வழியாம். மதுரைப் பக்கத்துக்காரர், சாந்தமான மனிதர். எங்கள் நாயைக் கட்டிப்போடும் வரைக்கும் காரின் கண்ணாடியைக் கீழே இறக்கவில்லை. கீழே சிக்னல் நிற்காது, காற்று அள்ளிக்கொண்டு போய்விடும் என்று என் மகன் சொல்வான். அதனால் மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில் பாய் விரித்து லேப்டாப்பை வைத்தாள். மற்ற மூன்று பேரும் அதில் முகம் காட்டினார்கள். தோட்டத்துத் திராட்சையைத் தட்டில் வைத்தேன். தலைவர் தின்றார். திரைக்குள் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்து மாடியில் அவள் கூழ்வத்தல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் இடுப்பளவு கைப்பிடிச் சுவர்தான். ஒரே வத்தலைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். காது முழுக்க இந்தப் பக்கம்.

சோதித்தார்கள். தலைவர் எது கேட்டாலும் சரியான விடை வந்தது. குளிர் தேசத்துக்காரர் மட்டும் ஒரு காற்புள்ளியைப் பற்றி வருத்தப்பட்டார். பேத்தி முகத்தில் ரத்தம் ஓட ஆரம்பித்தது.

“நல்லா செஞ்சிருக்கம்மா” என்றார் தலைவர். “கடைசியா ஒண்ணு, இங்கனயே நேரா சோதிச்சுப் பாத்துருவோம். அந்தா வத்தல் போடுறாகளே, அவுக யாரு?”

பேத்தி என்னைப் பார்த்தாள். நான் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தேன்.

“பக்கத்து வீடு” என்றேன்.

வத்தல் கையிலேயே இருக்க, அவள் சுவரோரம் வந்துவிட்டாள்.

“யாரு பக்கத்து வீடு? ஏங்கய்யா, இந்தப் பிள்ளைக்கு நான் சின்ன அப்பத்தா. பெறந்த அன்னைக்கு இவ நாக்குல சக்கரத் தண்ணி தொட்டு வச்சதே நான்தான். உங்க பெட்டியவே கேளுங்க, சொல்லட்டும்.”

தலைவர் பாவம், விவரம் தெரியாதவர். “இவுக நம்பர் என்னம்மா?” என்று கேட்டார். பேத்தி, “அதுல இல்ல சார்” என்றாள் மெதுவாக. அவர் நம்பாமல், அவள் புருஷன் எத்தனையாவது பிள்ளை என்று கேட்டு, தட்டிப் பார்த்தார். பெட்டி ‘உறவு இல்லை’ என்றது.

“என்னது? என்னது?” அவள் போட்ட சத்தத்தில் கீழே கட்டியிருந்த எங்கள் நாயே குரைத்துவிட்டது. “ஒரு வயித்துல பெறந்த அண்ணன் தம்பிக்கு வாக்கப்பட்டு வந்தவளுக, நான் உறவு இல்லையா? யாருடி சொல்லிக்குடுத்தது அதுக்கு?”

“பெட்டி சரியாத்தான் சொல்லுது” என்றேன், தலைவரைப் பார்த்து.

திரைக்குள் ஒரே கலவரம். மாதிரிக் குடும்பத்திலேயே ஒரு கிளையைக் காணோமே, இது பெரிய பிழை என்றார் சென்னைக்காரர். பேச்சுவார்த்தை இல்லாத உறவு என்று தனியாக ஒரு வகை வைத்துவிடலாம் என்றார் பெங்களூர்க்காரர். அந்த வகைக்கு என்ன பெயர் வைப்பது என்று குளிர் தேசத்துக்காரர் ஆரம்பித்தார். பழையபடி பெயரில் போய் நின்றுவிட்டார்கள்.

தலைவர் கையமர்த்தினார். “எங்க விதி ஒண்ணு இருக்கு ஆத்தா. மாதிரிக்குக் குடுத்த குடும்பத்துல மூத்தவுக, இது முழுசா சரியா இருக்குன்னு ஒப்புக்கிட்டாத்தான் வெளியிடலாம். அரைகுறைக் குடும்பத்த வச்சு வெளியிட முடியாது. இவுகளையும் சேக்கணும், இவுக உங்களுக்கு என்ன முறைன்னு நீங்க சொல்லணும். இல்லேன்னா…” அவர் முடிக்கவில்லை. கோயம்புத்தூர் எங்கள் எல்லார் கண் முன்னாலும் வந்து நின்றது.

இத்தனை வருஷம் கட்டிக் காத்ததை ஒரு பெட்டிக்காக விடுவதா?

பேத்தி என்னிடம் கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் மாட்டேன் என்று சொல்லியிருப்பேன். அவள் லேப்டாப்பைப் பாதி மூடினாள். “பரவால்ல சார். அவர்கிட்டயே குடுத்துருங்க. அப்பத்தாவ வற்புறுத்த வேணாம்” என்றாள்.

என் பேத்தி மஞ்சள் கட்டி வைத்திருக்கும் பானைக்கு முன்னால் எவனோ ஒருவன் பானை ஏறுவதா?

“தொறடி அத” என்றேன். “எழுதிக்க. என் கொழுந்தன் பொண்டாட்டி. எனக்கு ஓரகத்தி. இளையவ. ‘இளையவ’ங்கிறத நல்லா அழுத்திப் போடு.”

“தாய்மாமன் மகளுன்னும் போடச் சொல்லுங்கய்யா” என்றாள் அவள் தலைவரிடம். “வயசுக்கு மூத்தவளுன்னும் போடச் சொல்லுங்க.”

இரண்டும் உண்மை, பேத்தி இரண்டையும் போட்டாள். நான் அவளை என்ன சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று தலைவர் கேட்டார். பெட்டி யோசிக்கவே இல்லை. ‘மதினி’ என்றது.

அவள் கைதட்டினாள். கையில் இருந்த வத்தல் பறந்து எங்கள் மாடியில் விழுந்தது.

“இது ஒருதலையாப் பேசுது” என்றேன். “பெறந்த வழி பெருசா, புகுந்த வழி பெருசா? எவன்டா முடிவு பண்ணது?”

பேத்தி தலையைக் குனிந்துகொண்டாள். அவள்தான் முடிவு பண்ணியிருக்கிறாள். திரைக்குள் இருந்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். ரத்த உறவுதான் முதலில் என்றார் ஒருவர். கல்யாணம் ஆன பிறகு புகுந்த வீடுதான் என்றார் ஒருவர். குளிர் தேசத்துக்காரர், அவர் அம்மாவும் சித்தியும் இதே காரணத்தால் பேசிக்கொள்வதில்லை என்று சொல்லிவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்றைக்கு அந்த ரிவியூவில் முதல்முறையாக எல்லாரும் லைப்ரரியைப் பற்றிப் பேசினார்கள்.

கடைசியில் பேத்திதான் சொன்னாள். “ரெண்டு வழி இருந்தா ரெண்டையும் சொல்லட்டும் சார். எத முதல்ல வைக்கிறதுங்கிறது எடுத்துக்கிறவுக இஷ்டம். நான் யாரு அதச் சொல்றதுக்கு?”

அங்கேயே உட்கார்ந்து மாற்றினாள். தலைவர் பார்த்தார், தலையாட்டினார், என் பக்கம் திரும்பினார். “ஒப்புக்கிறீகளா ஆத்தா?”

“எங்க வீட்டுப் பெட்டியில ஓரகத்திதான் முதல்ல வரணும்.”

“எங்க வீட்டுல மதினிதான் முதல்ல வரும்” என்றது சுவருக்கு அந்தப் பக்கம்.

“வந்துட்டுப் போகுது. அது உன் மாடி.”

“கேட்டுக்கங்கய்யா, பேசிட்டா! எங்கிட்டப் பேசிட்டா!”

“நான் இவுககிட்டச் சொன்னேன்” என்று தலைவரைக் காட்டினேன். அவர், தன்னிடம்தான் சொன்னதாக ஒப்புக்கொண்டார். நல்ல மனிதர்.

பேத்தி ஒரு பொத்தானை அழுத்தினாள். சத்தமும் இல்லை, வெளிச்சமும் இல்லை. வெளியாகிவிட்டதாம். செய்தவர் என்ற இடத்தில் அவள் பெயர் மட்டும் இருந்தது. எழுத்துக் கூட்டி நானே படித்துப் பார்த்தேன். அன்றைக்கு அவள் இரண்டு முறை சோறு வாங்கித் தின்றாள். மறுநாள், முன்பின் தெரியாத ஒருவர் எங்கிருந்தோ அதை எடுத்துப் பார்த்துவிட்டு முதல் கடிதம் போட்டிருந்தார்: ஒரு வரிக்குக் கீழே இடைவெளி கூடுதலாக இருக்கிறதாம்.

பக்கத்து வீட்டுக்காரி இப்போது, உலகம் பூராவும் நான் அவளை மதினி என்று கூப்பிடுவதாகத் தெருவில் சொல்லிக்கொண்டு திரிகிறாள். சொல்லட்டும். ஒரு தூக்குவாளி நிறைய வத்தல் கொடுத்துவிட்டாள். பொரித்துத் தின்றோம். உப்பு கூடுதல்.

இதை எழுதிக் கொடு, குழுக்காரர்கள் தங்கள் பக்கத்தில் போடுவார்கள் என்று பேத்திதான் என்னை உட்கார வைத்தாள். எழுதியாயிற்று. ஏத்தா, கீழ எறங்கி வா. இந்தா, முதல்ல இருந்து வாசி, கேப்போம். இங்கன வேணாம், மாடிக்குப் போவோம். அவ அங்கனதான் நிக்கிறா. நிதானமா, நல்லா சத்தமா வாசி. அவள நான் எங்கயாச்சும் தப்பித் தவறி நல்லவளுன்னு எழுதியிருந்தா மட்டும், அந்த எடத்துல சத்தத்தக் கொறச்சு வாசி.